காத்தாடிக் கோபுரத்தைத் திறந்து பார்த்தவர்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனபோது இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் வாசலில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மோட்டார் போச்சு" என்றார். இரண்டாவது ஆள் மூடியை இரண்டு தட்டுத் தட்டி, "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார். மூன்றாவதாக வந்தவர்தான் இவர். நான் அந்த இரண்டு தீர்ப்பையும் ஒப்பித்தேன். காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

"தொறந்து பாப்போம்லா தங்கச்சி" என்றார். தரையில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் மெஷினின் வயிற்றிலிருந்து என் மகளின் கொண்டை ஊசி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மோட்டாருக்கும் ஒன்றுமில்லை, போர்டுக்கும் ஒன்றுமில்லை.

ஈப்போவில் ஒரு கடைவரிசையின் பின்பக்கம் அவருக்குச் சின்னப் பட்டறை இருந்தது. தண்ணீர் பம்பு, வாஷிங் மெஷின், மின்விசிறி, எது சுற்றினாலும் பழுது பார்ப்பார். தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. "தொறந்து பாப்போம் அண்ணன்" என்றால் சீனர் கடைக்காரருக்குக்கூட யாரென்று தெரியும். எனக்கும் கடைசிவரை அண்ணன்தான்.

அந்தப் பழக்கம் பட்டறையோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கல்யாண வீட்டில் யாராவது நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, "அவங்க வீட்டு விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் இவர் வெகு அக்கறையாகத் திரும்பி, "நீங்க பாத்தீங்களா?" என்பார். கிண்டலே இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். "இல்ல, கேள்விப்பட்டேன்" என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விடும், சாம்பாருக்கு இலையைக் காட்டிவிடுவார். கொஞ்ச நாளில் அவர் உட்கார்ந்த மேசையில் ஊர்க்கதை பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அண்ணி சொன்ன கதை இன்னும் நல்லது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பெண்ணுக்குச் சம்மதம் என்று அண்ணியின் அப்பா கூடத்தில் சொல்லிவிட்டார். எல்லாரும் பலகாரத்தில் கைவைத்த நேரம் மாப்பிள்ளையைக் காணோம். நேராக அடுப்படிக்குப் போய் நின்றிருக்கிறார்.

"உங்கப்பா சம்மதம்னு சொல்றாரு. அவரு சொல்றாரு, நீங்க சொல்லலியே?"

"எண்ணெய் காஞ்சுகிட்டு இருக்கு, அதுல போய் நின்னுகிட்டு கேக்குறாரு" என்று அண்ணி சிரிப்பார். "அன்னைக்கு வரைக்கும் என்கிட்ட யாரும் அதக் கேக்கலம்மா."

பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் இதயத்தில் கோளாறு என்று சொன்னபோதும் அப்படித்தான். "படத்தக் காட்டுங்க டாக்டர்" என்று கேட்டிருக்கிறார். அந்த இளம் டாக்டர் சிரித்துவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாராம். இவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஓ, வால்வு ஒழுகுது. நம்ம வேலதான் இது, வாஷர் போயிருக்கு. மாத்திடலாம் டாக்டர்" என்று டாக்டருக்கே தைரியம் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். இப்போது அவர் இல்லை.

அந்த ஆறு வருஷத்துக்குள் நடந்ததுதான் காத்தாடிக் கோபுரத்து விவகாரம்.

பத்து காஜாவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய ரப்பர் தோட்டம். நான் பார்த்தபோதே பால்மரம் பாதிக்குமேல் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்திருந்தது. பிறகு அதுவும் போய், வீடு கட்டும் கம்பெனி ஒன்று நிலத்தை வாங்கிக் குடியிருப்புத் தாமான் போட ஆரம்பித்தது. தொழிலாளர் லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோயில், கோயிலுக்குப் பின்னால் மேட்டில் அந்தக் கோபுரம். சுட்ட செங்கல்லில் கட்டிய வட்டமான கோபுரம். அடியில் பெருத்து மேலே போகப் போகச் சிறுக்கும், நாலு தட்டு உயரம். உச்சியில் ஓர் இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் சுற்ற அதில் மாட்டிய இறக்கைகள் எப்போதோ விழுந்துவிட்டன. சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. உள்ளே சிட்டுகள் கூடு கட்டியிருந்தன.

ஏதோ ஒரு துரை தன் ஊரில் இருப்பதைப்போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று கட்டினார் என்பது வரைக்கும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அதற்கு மேல் ஆளுக்கொரு சரித்திரம். நெல் அரைத்தது என்பார் ஒருவர். ஜப்பான்காரன் மேலே ஏறி நின்று ரோட்டைப் பார்த்தான் என்பார் இன்னொருவர். தோட்டத்து மக்களுக்குப் பிடித்த கதை வேறு. ஈப்போ டவுனுக்கே குழாய் சரியாக வராத காலத்தில் நம் தோட்டத்தில் காற்றே தண்ணீர் இறைத்தது, ஆற்றுத் தண்ணீர் தானாக மேலே ஏறியது. இதைச் சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு பெருமை வரும்.

கம்பெனி இடிக்க நாள் குறித்தது. அது காத்தாடியே அல்ல, ரப்பர் காயவைக்கும் புகைவீட்டுப் புகைபோக்கி, விழுந்தால் ஆபத்து என்று கடிதம் போட்டார்கள். கோயில் கமிட்டி எதிர்த்தது. நான் அந்தக் கோயிலுக்குப் போய்வருபவள், வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை பார்ப்பவள் என்பதால் மனு அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாவட்ட மன்றத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். இது காத்தாடி என்பதற்கும், வேலை செய்தது என்பதற்கும் என்ன அத்தாட்சி? இருந்தால் பரிசீலிக்கலாம்.

கமிட்டித் தலைவர் நேரே பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, பம்பு விஷயத்துல ஒங்கள விட்டா இந்த ஜில்லாவுல ஆளில்ல. இது காத்துல ஓடிச்சு, தண்ணி எறைச்சிச்சுன்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தங்கச்சி அடிச்சே கொண்டாந்திருக்கு."

அண்ணன் நான் அடித்த தாளைப் பொறுமையாகப் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"தொறந்து பாப்போம்லா."

"என்னண்ணே தொறக்கிறது? அது கோபுரம்!"

"உள்ள மிஷின் இருக்கும்ல?"

மறுநாள் காலை அவர் டீசல் போத்தல், கம்பித் தூரிகை, டார்ச்லைட்டோடு வந்தார். தலைவருக்கு முழங்கால் வலி. அதனால் டார்ச் பிடிக்க நான் போனேன். வட்டச் சுவரை ஒட்டியே செங்கல் படிகள் வளைந்து வளைந்து மேலே போயின. நடுவில் வெறும் பள்ளம். சிட்டுகள் முகத்துக்கு நேராகப் பறந்தன. இரண்டாம் தட்டில் 'டம்' என்று ஒரு சத்தம். அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே குறுக்கே போன மரச்சட்டம் ஒன்று படிக்கு மிகத் தாழ்வாக இருந்தது. ரத்தம் வந்தது. என் கைக்குட்டையைக் கட்டினேன். "எவன்டா இங்க சட்டம் வச்சது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து ஏறினார்.

உச்சியில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் மிஞ்சியிருந்தது. பெரிய பல்சக்கரம், அதைக் கடிக்கும் சின்னச் சக்கரம், கீழே இறங்கும் பம்புத் தண்டு, ஓரமாக ஓர் இரும்புத் தொட்டி.

"காத்தாடிதான்" என்றார் அண்ணன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப எழுதிடலாம்லண்ணே?"

அவர் டீசல் போத்தலைத் திறந்தார். சக்கரத்தின் மேல் தார்போல இறுகியிருந்த பழைய கிரீசை டீசல் ஊற்றி ஊற்றித் துடைத்தார். ஒரு பல், இன்னொரு பல், அப்படியே சுற்றி வந்தார். பிறகு தண்டு உட்காரும் பேரிங்கைச் சுரண்டி விரலால் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார்.

"என்ன தெரியுது?"

"சொரசொரன்னு இருக்கு."

"அது அரம் போட்ட தடம். செஞ்சு அனுப்பினவன் அரம் போட்டது. ஓடியிருந்தா இது கண்ணாடி மாதிரி ஆயிருக்கணும்." கைகளைத் துடைத்துக்கொண்டார். "இது ஓடல தங்கச்சி. ஏதோ நாலு நாள் சுத்தியிருக்கும். சுத்தியும் மலை, இங்க ஏது அவ்வளவு காத்து?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவரோ இன்னும் முடிக்கவில்லை. தொட்டிக்குள் தலையை விட்டு வெளிச்சம் அடித்தார். உட்சுவரில் தண்ணீர் நின்ற கறை வரிவரியாக, தடிப்பாக இருந்தது. தொட்டியிலிருந்து வெளியே போன குழாயின் திசையைச் சன்னல் வழியாகப் பார்த்தார். இறங்கும்போது திடீரென்று ஒரு படியில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். சுவரையும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "பாப்போம், பாப்போம்" என்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூட்டம். பழைய தோட்டத்து ஆட்கள், காம்பார், தஞ்சோங் மாலிம் வரைக்கும் சிதறிப் போயிருந்தவர்கள், வேனிலும் காரிலும் வந்திருந்தார்கள். கம்பெனி சார்பாக ஒரு சீன இளம்பெண், இஞ்சினியர், கோப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலைவர் மைக்கைப் பிடித்து, நம் ஊர் நிபுணர் நேரில் ஏறிப் பார்த்துவிட்டார், இப்போது உண்மையைச் சொல்வார் என்று முழங்கினார். கைதட்டினார்கள். அண்ணன் நெற்றியில் பிளாஸ்டரோடு எழுந்து நின்றார். முதல்நாளே தலைவரிடம் சொல்லிவிடுங்கள் என்று நான் கெஞ்சியிருந்தேன். சொல்லியும் இருந்தார். மேடை ஏறினால் மனசு மாறிவிடும் என்று தலைவர் நம்பினார்.

"காத்தாடிதான்" என்றார் அண்ணன். மறுபடியும் கைதட்டல். "ஆனா ஓடல."

மண்டபத்தில் ஒரே கூச்சல். "எங்கப்பா பொய்யா சொன்னாரு?" என்று ஒருவர் எழுந்தார். "கம்பெனிக்காரன்கிட்ட என்ன வாங்கினீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒரு வார்த்த மாத்திச் சொன்னா என்னண்ணே கொறஞ்சு போவீங்க?" என்று பல்லைக் கடித்தார்.

"நாளைக்கு அவங்க ஒரு ஆளக் கூட்டியாந்து தொறந்து பாத்தா?" என்றார் அண்ணன். "நான் இன்னும் முடிக்கலலா. உக்காருங்க."

இஞ்சினியர் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பேசுகிறார்கள் என்று மலாயில் கேட்டாள். பதிலைக் கேட்டுக் கோப்பை மூடிவிட்டாள்.

அண்ணன் தமிழில் ஒன்று, மலாயில் ஒன்றாகச் சொன்னார். "மேல தொட்டி இருக்கு. வருஷக்கணக்கா தண்ணி நின்ன கற இருக்கு. குழாய் லயத்துக்கு வரல, துரை பங்களாவுக்குப் போவுது. சக்கரம் தேயல, பேரிங் தேயல. ஆனா படி தேஞ்சிருக்கு. ஒவ்வொரு படியும் நடுவுல குழிஞ்சு கெடக்கு, கை வச்சா உக்காருது. மிஷின் ஓடல, தொட்டி மட்டும் நெறஞ்சிருக்கு. அப்ப தண்ணி எப்படி மேல போச்சு?"

மண்டபத்தின் ஓரத்தில், மருமகளோடு வந்திருந்த தைலம்மை அக்கா எழுந்தார். எண்பதைத் தொட்டவர், பத்து காஜாவில் மகன் வீட்டில் இருப்பவர்.

"எங்கம்மா காத்து வேல செஞ்சவங்க" என்றார்.

சிலர் சிரித்துவிட்டார்கள். மருமகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அக்கா உட்காரவில்லை.

"சிரிக்காதீங்க. காலையில பெரட்டுல ஆள் பிரிக்கும்போது அப்படித்தான் கூப்புடுவாங்க. பால் வெட்டுற ஆளுங்க ஒரு பக்கம், புல்லு வெட்டுற ஆளுங்க ஒரு பக்கம், காத்து வேல ஆளுங்க ஒரு பக்கம். எல்லாம் பொம்பளைங்க. ஆத்துலேந்து டின்னுல மொண்டு, மேல கொண்டு போயி ஊத்திட்டு வரணும். டீசல் பம்பு வர்ற வரைக்கும் அதான் வேல. சீமையிலேந்து பெரிய தொர பாக்க வந்தா, அன்னைக்கு மட்டும் நாலு ஆம்பளைங்க மேல நின்னு எறக்கையக் கையால தள்ளி விடுவாங்க. கீழ நிக்கிற தொரைக்கு அது சுத்துறது தெரியும்ல."

இந்த முறை மண்டபமே சிரித்தது. ஆனால் முதலில் சிரித்த சிரிப்பு இல்லை.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி அக்காவின் அருகே வந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்கப் போகிறார்.

"அக்கா, நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம? அம்மா கூடவே ஏறுவேன். புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக் கொட்டாயில இருக்க மாட்டேன்னு அழுவேன்."

"டின்ன எப்படித் தூக்குவாங்க, தலையிலயா?"

"தலையில எப்படி?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டாந் தட்டுல சட்டம் இடிக்குமே! வலது தோள்ல டின்னு, எடது கையி சொவத்துல. ஏறும்போது சொவரு எடது பக்கந்தான வரும். தடவித் தடவிச் சொவரே வழுவழுன்னு கெடக்கும்."

மண்டபத்தில் இருந்த எல்லாரும் அண்ணனின் நெற்றிப் பிளாஸ்டரைப் பார்த்தார்கள். சட்டத்தைப் பற்றியும் சுவரைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எனக்குக்கூடச் சுவரில் என்ன தடவினார் என்று அப்போதுதான் புரிந்தது.

"சரிக்கா" என்றார். அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பிறகு தலைவரைப் பார்த்து, "காத்து செஞ்சிச்சுன்னு எழுதிட்டா இவங்கம்மா செஞ்சது எங்க போவும்?" என்றார். தலைவர் மைக்கைக் கீழே வைத்தார்.

இஞ்சினியர் பெண் எழுந்து வந்து அந்தப் படிகளைப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணனுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. "தலைய மட்டும் பாத்துக்குங்க" என்று மலாயில் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கியபோது அவளுடைய இடது உள்ளங்கை செம்மண் நிறத்தில் இருந்தது. சுவரைத் தடவியபடியே ஏறியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாகவே நடந்தன. கடிதங்கள், அளவெடுப்பு, இன்னொரு கூட்டம். அந்தப் பெண் கோபுரத்தை விட்டுவிடலாம் என்று எழுதினாள், மாவட்ட மன்றமும் ஒத்துக்கொண்டது. தாமானின் நடுவில் பூங்கா போட்டு, அதற்குள் கோபுரத்தை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. சுவருக்கு இரும்புப் பட்டை போட்டார்கள். இரண்டாம் தட்டுச் சட்டத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்ததை அண்ணன் தன் சொந்த வெற்றியாக எண்ணிக்கொண்டார்.

பலகையில் என்ன எழுதுவது என்பது அடுத்த சண்டை. கம்பெனி 'காற்றால் நீர் இறைத்த கோபுரம்' என்று எழுதிக்கொண்டு வந்தது. அண்ணன் ஒப்பவில்லை. காத்தாடி என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், தண்ணீர் ஏற்றியவர்களின் பெயர்கள் வேண்டும் என்றார். யார் அவர்கள் என்று கேட்டார்கள். அதற்காக நாலு மாதம், வார இறுதியானால் என் காரில் வீடு வீடாகப் போனோம். ஒரு பெயர் இரண்டு வாயிலிருந்து வந்தால்தான் எழுதுவேன் என்று அவர் சட்டம் போட்டுக்கொண்டார். காம்பாரில் ஒருவர் தன் தாயும் அந்த வேலைதான் செய்தார் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை. அண்ணன் எழுதவில்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு அண்ணனோடு பேசவேயில்லை, சாவுக்கும் வரவில்லை. நானாக இருந்தால் எழுதியிருப்பேன். இன்றைக்கும் அதில் எனக்கு அவர்மேல் ஒரு வருத்தம்தான்.

ஏழு பெயர்கள் கிடைத்தன. தைலம்மை அக்காவின் தாய் பெயருக்கு அக்காவைத் தவிர வேறு சாட்சி இல்லை. "இதுக்கு மட்டும் எப்படிண்ணே?" என்று சீண்டினேன்.

"அந்தக்கா உள்ள போயிப் பாத்துட்டு வந்தவங்க தங்கச்சி" என்றார்.

பலகை வைத்த அன்று காலை நல்ல வெயில். பூங்காவில் புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. தலைவர்தான் துணியை விலக்கினார். இரண்டு மொழியிலும் நாலு வரி, அதன் கீழே ஏழு பெண்களின் பெயர்கள். அக்காவை மருமகள் கைத்தாங்கலாக முன்னால் கொண்டுவந்தாள்.

"எது எங்கம்மா?"

அண்ணன் அவர் விரலைப் பிடித்து நாலாவது பெயரின் மேல் வைத்தார். அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். அழுவார் என்று எல்லாரும் காத்திருந்தோம். நானே கைக்குட்டையைத் தயாராக எடுத்துவிட்டேன்.

"என்னாத்துக்கு இவ்வளவு சின்னதா எழுதியிருக்காங்க?" என்றார் அக்கா. "அவங்க சின்ன டின்னா தூக்கினாங்க?"

தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். இஞ்சினியர் பெண் என்ன என்று கேட்டாள். அண்ணன் விடுவிடுவென்று நடந்து பூங்காவைத் தாண்டி ரோட்டோரத்துக்குப் போய் நின்றார். அங்கிருந்து பலகையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அக்கா சொல்றது சரிதான்!" என்று அங்கிருந்தே கத்தினார். "இங்கேருந்து படிக்க முடியல!"

அன்றைக்கே பலகையைக் கழற்றினார்கள். மூன்று வாரம் கழித்துப் புதிது வந்தது. இப்போது அந்த வழியாக வேலைக்குப் போகும்போது நான் காரை நிறுத்துவதில்லை, வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. வளைவு திரும்பியதுமே நாலாவது பெயர் தெரிகிறது: அங்கம்மா.